தாமசின் பர்க்கிஸ் கேட்ட கட்டில்

பாட்டு விற்கிறவர்களுக்கு முதலில் போவது குரல் என்பார்கள். தாமசின் பர்க்கிஸுக்கு முதலில் போனது கால். குரல் அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்குத் தொல்லை. பாடக்கூடியவளைப் பார்த்து உட்கார் என்று யார் சொல்வார்கள்?

லண்டன் பாலத்துக்குத் தெற்கே ஆம்புரோஸ் டில்னியின் அச்சகத்தில் நான் அச்செழுத்துக் கோர்க்கிறேன். எங்களிடம் வேதப் புத்தகம் அச்சாவதில்லை. ஒருபக்கம் மட்டும் அச்சடித்த பாட்டுத் தாள்கள்தான். தூக்குக்குப் போனவனின் புலம்பல், கரையொதுங்கிய விநோத மீன், பெண்டாட்டியிடம் உதை வாங்கிய குடிகாரன். தாள் ஒரு பென்னி. படித்தவர்கள் கையால் எழுதித் தங்களுக்குள் சுற்றவிடும் புதுக் கவிதைகள் எப்போதாவது என் கைக்கு வரும். அவற்றில் ஒரு வரி பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆகும். தாமசின் பாடும் பாட்டு ஒரு தெருவைக் கடப்பதற்குள் பிடிபட்டுவிடும்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசிப்பேன், கண்ணை மூடிக் கேட்பாள். இரண்டு தரம் வாசித்தால் போதும். மெட்டுகள் ஊரறிந்தவை; எந்த மெட்டு என்று தலைப்புக்குக் கீழே போட்டிருக்கும், அதையும் சொல்லிவிடுவேன். கடைசியில் தாளின் தலையில் இருக்கும் படத்தை ஒருமுறை விரலால் தடவிக்கொள்வாள். எந்தத் தாள்கட்டு எந்தப் பாட்டு என்பதற்கு அவளிடம் இருந்த அடையாளம் அந்தப் படம் மட்டும்தான்.

சஃபோக் நாட்டுப்புறத்திலிருந்து, ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற ஒருவனோடு வந்தவள். அவன் கொள்ளைநோயில் போனான். அதற்குப் பிறகு சந்தை சந்தையாக நடந்தாள். ஊர்சுற்றி என்று பிடித்து ஒரு தடவை சவுக்கால் அடித்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால், "அடிச்சவனே அப்புறம் வந்து ஒரு தாள் வாங்கிட்டுப் போனான்" என்பாள். இப்போது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரைக் கட்ட முடியாமல் துணி சுற்றியிருந்தாள்.

எங்கள் தேவாலயப் பங்கின் தருமவீட்டில் வயதான பெண்களுக்குச் சில அறைகள் உண்டு. அந்த வசந்தத்தில் ஒரு கட்டில் காலியானது. தாமசின் அதைக் கேட்டுப் போனாள். கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ராஃப் காடிங்டன், துணி வியாபாரி. வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்.

"பாட்டு விக்கிறவளுக்குத் தருமவீட்டுல என்ன வேலை?"

"படுக்கிற வேலைதாங்கய்யா."

"நாக்கைப் பாரு! நீ விக்கிறது எல்லாம் அசிங்கப் பாட்டு. பக்தியா வாழ்ந்தவங்களுக்குத்தான் அந்தக் கட்டில்."

"பக்திப் பாட்டும் விக்கிறேங்கய்யா. கேட்டா அழுதுடுவீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. புதன்கிழமைப் பிரசங்கம் முடிஞ்சதும் கோயில் வாசல்ல வந்து பாடு. சபைப் பெரியவங்க கேக்கட்டும். திங்கக்கிழமை கூடி முடிவு பண்றோம்."

டில்னியிடம் அப்போது ஒரு பக்திப் பாட்டு புதிதாக இருந்தது. பெற்ற தாயைக் கைவிட்ட ஒருத்தி சாகும்போது வருந்துகிற பாட்டு. நான் வாசித்தேன். தாமசின் கேட்டாள், படத்தைத் தடவிக்கொண்டாள். உயரத் தொப்பி வைத்த ஒரு பெண், கைகள் இரண்டும் முன்னால். வழக்கமாக இந்த மாதிரிப் பாட்டுக்குச் சவப்பெட்டிப் படம்தான் போடுவோம். அந்தப் படம் செதுக்கிய மரக்கட்டை பிளந்துபோயிருந்ததால் டில்னி இந்தத் தொப்பிக்காரியை எடுத்துக் கொடுத்தார். எங்கள் கடையில் அவள் ராணியாகவும் இருந்திருக்கிறாள், சூனியக்காரியாகவும் இருந்திருக்கிறாள். புழு அரித்த கட்டை. முகத்தில் பொட்டுப் பொட்டாக வெள்ளை விழும்.

செவ்வாய்க்கிழமை டில்னிக்கு ஒரு சிரிப்புப் பாட்டு வந்தது. ரொட்டிக்காரன் பெண்டாட்டி ஒருத்தி, காதலனை மாவுத்தொட்டியில் ஒளித்துவைத்த கதை. மை காயாமல் அச்சுமேடையில் கிடந்த தொப்பிக்காரிக் கட்டையையே அதற்கும் வைத்து அடித்துக் காயப்போட்டார். மறுநாள் காலையில் தாமசின் வந்தபோது நான் காகிதம் வாங்க ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். "அந்தத் தொப்பிப் பொம்பளை படம் போட்ட கட்டு" என்று கேட்டிருக்கிறாள். "பலகை மேல இருக்கு, எடுத்துக்கோ" என்று டில்னி உள்ளேயிருந்தே சொல்லியிருக்கிறார். பலகை மேல் இரண்டு கட்டுகள் இருந்தன.

கோயில் வாசலில் அவள் பக்திப் பாட்டைப் பாடியதை நான் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டேன். வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, தூக்குமரத்தடியில் பாடுகிற அந்த மந்தமான மெட்டில் பாடினாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். காடிங்டனின் மனைவி முதல் ஆளாக வாங்கினாள். கட்டு முழுவதும் போயிற்று. காடிங்டன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவருடைய தலையாட்டல் பாட்டு விற்கிறவள் எவளுக்கும் கிடைத்ததில்லை.

காடிங்டன் மனைவிக்கு வாசிக்கத் தெரியாது. தாளைப் பசை தடவிக் கணப்பு அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டச் சொன்னாள். மறுநாள் பாதிரியார் சாப்பிட வந்தவர், கையில் ஆட்டிறைச்சித் தட்டோடு அதை மெதுவாகக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார் என்று அந்த வீட்டு வேலைக்காரி எல்லாரிடமும் சொன்னாள்.

திங்கட்கிழமை சபை கூடியது. டில்னியையும் வரச் சொல்லியிருந்தார்கள். "நீ போ" என்றார் என்னிடம். "நான் போனா என்னையும் சேத்து வைவானுங்க." போனேன்.

மேசைமேல் பக்திப் பாட்டுத் தாள், மாவுத்தொட்டிப் பாட்டுத் தாள் இரண்டும் கிடந்தன. சுவரிலிருந்து உரித்த தாளின் பின்னால் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தாமசினை உட்காரச் சொல்லவில்லை.

"பாடினது ஒண்ணு, வித்தது ஒண்ணு" என்றார் காடிங்டன். "என் வீட்டையே கேலிக்கூத்தா ஆக்கிட்டே."

"தப்பு நடந்துபோச்சுங்கய்யா. எனக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பாத்துத்தான் எடுத்தேன்."

"படத்தைப் பாத்தாளாம்!"

"ரெண்டுலயும் ஒரே படம்தாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சபையில் அவளுக்காகப் பேசக்கூடியவர் ஒருவர் இருந்தார். ஹம்ப்ரி விக், ரொட்டிக்கடைக்காரர், நல்ல மனிதர். பழைய ரொட்டியை அவளுக்கென்று எடுத்துவைப்பார். அவர் குறுக்கே புகுந்தார். "எதுக்கு இவ்வளவு சத்தம்? அந்தப் பொம்பளை அன்னைக்குப் பாடுனதுல நானே அழுதேன். கட்டு மாறிப்போச்சு, அவ்வளவுதானே? இனிமே பாத்து எடுப்பா. பாத்தாலே வித்தியாசம் தெரியுதே." அவருக்கும் எழுத்துத் தெரியாது. ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தொப்பிக்காரியின் கன்னத்துப் புழு ஓட்டையைத் தொட்டுக் காட்டினார். "இதோ, கண்ணீர். கையக் கூப்பி நிக்கிறா. இதுதான் பக்திப் பாட்டு. இதைச் சுவத்துல ஒட்டுனா யாருக்கு என்ன நஷ்டம்? என் கடையிலயே ஒட்டுவேன்!"

காடிங்டன் தாளை அவர் கையிலிருந்து வாங்கினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், பிரசங்கம் வாசிக்கிற குரலில் வாசித்தார்:

"மாவுத் தொட்டியில் மறைஞ்ச மச்சான்
தும்மித் தொலைச்சான் பாரு;
வெள்ளையா எழுந்து நின்னவனைப் பாத்து
ரொட்டிக்காரன் கேட்டான்: பேயே, நீ யாரு?"

விக்கின் கை இன்னும் தாளைப் பிடித்த மாதிரியே நின்றது. அவருடைய புருவத்தில் காலையில் சுட்ட ரொட்டியின் மாவு இருந்தது.

தாமசின் சிரித்துவிட்டாள்.

வாயைப் பொத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்களில் இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். விக் சிவந்துபோனார். அவள் சிரித்து ஓய்ந்ததும் அவர்தான் முதலில் பேசினார். "அந்தக் கட்டில் அடக்கமான பொம்பளைக்கு உள்ளது" என்றார். அதைத் தோல் பதனிடுகிற ஒருவரின் விதவைக்குக் கொடுத்தார்கள்.

கோயில் சுவரோரமாக மெதுவாக நடந்தோம். அவள் என் தோளைப் பிடித்திருந்தாள்.

"ஏன்க்கா சிரிச்சீங்க?"

"என்னத்தச் சொல்ல தம்பி. ஊரையே சிரிக்கவெச்சேன். எனக்குச் சிரிப்பு வந்து எத்தனையோ காலமாச்சு. வந்த நேரத்தைப் பாரு."

"விக் ஐயாகிட்ட போய் மன்னிப்புக் கேக்கலாமா?"

"அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்தா மறுபடியும் சிரிச்சிடுவேன். வேண்டாம்பா. ரொட்டியும் போச்சு." கொஞ்சதூரம் போய் நின்றாள். "அந்தக் கட்டில்ல வைக்கோல் மெத்தைதான். எட்டிப் பாத்துட்டு வந்தேன். ஜன்னல்கூட இருக்கு."

அச்சகத்தில் டில்னி கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயம் பேட்டை முழுவதும் பரவி, மாவுத்தொட்டிப் பாட்டு வேண்டுமென்று சாராயக்கடைகளிலிருந்து ஆள் வந்துபோயிருந்தது. "கட்டில் போனா போகுது தாமசின்! இதை நீ பாடினாத்தான் எடுபடும். பாலத்துமேல போய் நில்லு."

"அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதே முதலாளி. காடிங்டன் ஐயா வாசிச்சது நாலே வரி."

அவள் பலகையில் உட்கார்ந்து கால்துணியைத் தளர்த்தினாள். டில்னி புதுத் தாள்கட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். நான் ஒரு தாளை எடுத்து ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். ரொட்டிக்காரன் வீடு திரும்புகிறான், பெண்டாட்டி திடுக்கிட்டு எழுகிறாள். தாமசின் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தாள். பாட்டில் மாவுத்தொட்டியின் மூடி திறப்பதற்குள் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. குரலைத் தணித்துக்கொண்டு மீதியையும் வாசித்தேன். நிறுத்தினால் விழித்துக்கொள்வாளோ என்று இருந்தது.

"பாட்டைப் பிடிச்சுக்கிட்டாளா?" என்று டில்னி உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "இன்னும் ஒரு தரம் வாசிக்கணும்."