புதுச் சோளம் தின்ற குதிரை

என் கணவரின் அண்ணனை எனக்குக் கல்யாணமான முதல் மாதத்திலேயே பிடிக்காமல் போயிற்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் தன் தம்பிக்கு வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவர் அவர். என் கணவர் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் திருமங்கலம் சாலைக்கு மேற்கே, புஞ்சைக் காட்டுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டில் நானும் அவருடைய அண்ணனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு காலம் தள்ளினோம்.

அந்த அண்ணனிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. சிவப்பு நிறம், நல்ல கொழுப்பு. வண்டியில் பூட்டினால் ஊரே பார்க்கும். அதற்குக் கொள்ளும் தவிடும் அளவில்லாமல் கொட்டுவார். நடையோ வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

என் அப்பா மதுரை மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடியிருந்ததால் குதிரைகளின் நோயை நான் பார்த்தே வளர்ந்தேன்.

தை மாதம் சோளம் அடித்த அன்று கணவரின் அண்ணனுடைய கூட்டாளிகள் நாலு பேர் களத்துக்கு வந்திருந்தார்கள். தன் குதிரை எவ்வளவு தின்னும் என்று காட்ட, அதை அவிழ்த்துச் சோள அம்பாரத்தில் விட்டார். அது முகத்தைப் புதைத்துத் தின்றது.

"அத்தான், போதும், பிடிச்சுக் கட்டுங்க. தானியத்தை அம்புட்டும் தின்னா கால்ல இறங்கிரும்" என்றேன்.

அவர் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா மாப்ள? வயித்துக்குள்ள போறது கால்ல இறங்குதாம். கம்பவுண்டர் மக சொல்லுது!"

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் குதிரை சாணி போட முடியாமல் முக்கியது. அதற்கடுத்த நாள் காலையில் லாயத்தை விட்டு நகரவில்லை. பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, முன்னங்கால்களை நீட்டி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து நின்றது. தரையே சுடுவது போல முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது.

அவர் கோரிப்பாளையத்திலிருந்து லாடம் அடிக்கும் பாயை ஆள்விட்டு வரவழைத்தார். பாய் பத்து நாளைக்கு முன்புதான் லாடம் மாற்றியிருந்தார். வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஆணிய உள்ள இறக்கிட்டியா? என் குதிரைய நொண்டியாக்கிப்புட்டியே!"

பாய் முன்கால் லாடங்கள் இரண்டையும் கழற்றினார். ஆணித் துளைகளைக் காட்டினார். சீழும் இல்லை, ரத்தமும் இல்லை. "முதலாளி, ஆணி குத்தியிருந்தா ஒரு காலுதான் நோகும். ரெண்டு முன்குளம்பும் அடுப்பு மாதிரி சுடுது, தொட்டுப் பாருங்க. தீனி எதும் மிஞ்சிப்போச்சா?"

"தீனியெல்லாம் எப்பவும் போலத்தான்" என்றார் அவர்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். "பொய். முந்தாநாள் களத்துல சோளத்தைத் தின்ன விட்டாரு. நான் பார்த்தேன்."

அவர் பாயின் சாமான் பையை எட்டி உதைத்தார். குளம்பு ராவுகிற அரம் என் காலடியில் வந்து விழுந்தது. பிறகு சவுக்கை எடுத்தார். நடக்க விட்டால் இரத்தம் ஓடிச் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் குளம்பின் உள்சதை வீங்கினால் அதற்கு விரிய இடமில்லை. வெளியே இருப்பது கெட்டியான ஓடு. அந்த நிலையில் நடக்க வைத்தால், எலும்பைப் பிடித்திருக்கும் சதை கிழிந்து எலும்பே கீழே இறங்கிவிடும். இதைச் சொல்லிப் புரியவைக்கும் பொறுமை எனக்கு இல்லை. லாயத்து வாசலில் குறுக்கே நின்றேன்.

"தள்ளு புள்ள."

"மாட்டேன்."

"கையை வச்சிருவேன்."

"வைங்க. சனிக்கிழமை உங்க தம்பி வருவாரு. அவருகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். பாயும் நானும் லாயத்தில் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிக் கிணற்றுத் தண்ணீரால் நனைத்தோம். குதிரையின் குளம்புகள் அதில் புதைந்து நின்றன. தானியத்தை அடியோடு நிறுத்திக் காய்ந்த புல் மட்டும் போட்டேன். மூன்று நாள் குடம் குடமாகச் சுமந்ததில் என் இடுப்பு விட்டுப்போயிற்று. நாலாம் நாள் குளம்புச் சூடு தணிந்தது. குதிரை தானாகப் படுத்து எழுந்தது.

ஐந்தாம் நாள் நான் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில், கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போக அவர் குதிரையை வண்டியில் பூட்டிவிட்டார். பாதி வழியில் அது படுத்துவிட்டது. மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உள்ளங்குளம்பில், முனைக்குச் சற்றுப் பின்னால், பிறை போல ஒரு வீக்கம் துருத்தியிருந்தது. எலும்பு இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"தண்ணியில ஊறப்போட்டு என் குதிரையக் கொன்னுட்டா" என்று அவர் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினார். என் கணவர் சனிக்கிழமை வந்து இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, "நீ ஏன் குறுக்கே போன?" என்று என்னைத்தான் கேட்டார். அன்று அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நான் சோறு போடவில்லை.

குதிரை பதினோரு நாள் எழுந்திருக்காமல் கிடந்து செத்தது. அடுத்த சித்திரையில் கணவரின் அண்ணன் ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினார். அது வந்த அன்றே தானிய அறையைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். காலையில் இரண்டு படி கொள்ளு ஊறவைத்து அளந்து லாயத்து வாசலில் வைப்பேன். மேற்கொண்டு ஒரு பிடி கிடையாது. சாவியைக் கேட்க வேண்டுமானால் அவர் என்னிடம் பேச வேண்டும். செத்தாலும் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளைக் குதிரை ஒன்பது வருஷம் ஒரு நாளும் நொண்டவில்லை.