தகர நரியின் முகம்

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் உதய் அண்ணா இருக்கிறார். வயது இருபத்தாறு. அப்பா மஹாதேவன் மாமா வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பத்மஜா மாமி. அவர்கள் வீட்டில் உதய் அண்ணாவின் சிறுவயதுப் படங்கள்தான் சுவரில் இருக்கும். பன்னிரண்டு வயதுக்கு அப்புறம் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

பதின்மூன்று வயதில் அவருக்கு உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு இடது கண்ணைச் சுற்றியும் நெற்றியில் கோணலாகவும் பரவியது. வங்காளிகள் இதை ஷேத்தி என்பார்கள். தொற்றாது, வலிக்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்குகிறவர்களிடம் இதை யார் போய்ச் சொல்வது? மாமி களிம்பு, கஷாயம், காளிகாட் வேண்டுதல் என்று எல்லாம் செய்துபார்த்து ஓய்ந்துவிட்டார். படிப்பு முடிந்ததும் உதய் அண்ணா பல இடங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். எழுத்துத் தேர்வில் தேறுவார், முகத்தைப் பார்த்ததும் "பிறகு சொல்கிறோம்" என்பார்கள். கடைசியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தொலைபேசி உதவிப் பிரிவில் வேலை கிடைத்தது. அவருக்கு நல்ல குரல். கோபமாகக் கூப்பிடுகிறவர்கள்கூட அவரிடம் பேசி முடிக்கும்போது நன்றி சொல்லிவிட்டு வைப்பார்களாம்.

முதல் புள்ளி வந்த அதே வருடம்தான் அவர் "தகர நரி" படிக்க ஆரம்பித்தார். அது ஒரு மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. கடலோர ஊர் ஒன்றில் ஒரு பையன், பிஸ்கட் டின்னைத் தட்டிச் செய்த நரி முகமூடியோடு திரிகிறான். இரவில் கடலிலிருந்து ஏறிவரும் பிசாசுகளோடு சண்டை போடுகிறான். எத்தனையோ பாகங்கள் வந்தும் வரைந்தவர் அவன் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. கடைசிப் பாகத்தில் அவனோடு சுற்றும் பெண் முகமூடியைத் தொடக் கையை நீட்டுகிறாள். அப்புறம் கையை இழுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் முடிவு. அந்தப் பக்கத்தை உதய் அண்ணா எனக்குக் காட்டியபோது ஒன்றும் விளக்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடா வருடம் இங்கே நடக்கும் காமிக்ஸ் விழாவுக்கு, தானே தட்டிச் செய்த முகமூடியோடு போவார். தகர நரி வாசகர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நரி வேஷம் போட்டவர் வாசலைத் தாண்டி வெளியே போகும்வரை முகமூடியைக் கழற்ற மாட்டார். மற்றவர்கள் கழற்றச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் அங்கே சேர்ந்த நண்பர்களுக்கு அவர் முகமே தெரியாது. நரிக்கு வங்காளத்தில் ஷெயால். அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதை ஆரம்பித்தவள் ரஞ்சனா. உதய் அண்ணா சிரித்துப் பேசி நான் கேட்டதெல்லாம் அந்தக் குழுவோடு பேசும்போதுதான்.

போன வருடம் விழாவுக்கு ஒரு உதவி இயக்குநர் வந்திருந்தார். தகர நரியை வங்காளத்தில் படமாக எடுக்கிறார்கள், உரிமை வாங்கியாகிவிட்டது, முகமூடி போட்ட காட்சிகளில் எல்லாம் நாயகனுக்குப் பதில் நீங்கள் நடிக்க வேண்டும் என்றார். முகமூடியையும் அப்படியே எடுத்துக்கொள்வார்களாம். உதய் அண்ணா லீவு போட்டுவிட்டு டாலிகஞ்ச் ஸ்டூடியோவுக்குப் போனார்.

அன்று நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். வேஷப் பொருத்தம் பார்க்கும் நாள் அது. நடந்து காட்டினார், குதித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு இயக்குநர் கதையை விளக்கும்போதுதான் தெரிந்தது, பத்தாவது நிமிடத்தில் முகமூடி கழன்றுவிடும்.

"தாதா, அது கழலக்கூடாது. கதையே அதுதான்" என்றார் உதய் அண்ணா. இங்கே தாதா என்றால் அண்ணன்.

"கதை காகிதத்துல ஓடும் தம்பி. தியேட்டருக்கு ஹீரோ மூஞ்சியப் பாக்கத்தான் வர்றாங்க. அதுக்குத்தான் அவருக்கு அத்தனை சம்பளம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உதய் அண்ணா அப்போது ஒரு காரியம் செய்தார். அத்தனை பேர் முன்னாலும் முகமூடியைக் கழற்றினார்.

"இப்பப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு அந்தப் பொண்ணு பாக்காமலே அவன்கூட நிக்கறா. கழட்டிட்டா அது போயிடும். புரியறதா?"

இயக்குநர் கிட்டே வந்து அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல விஷயம் சொன்னே. யோசிக்கிறேன்" என்றார். பிறகு மேக்கப் பார்க்கும் பாபு தா, முகமூடி அளவுக்கு வேண்டும் என்று முன்னாலும் பக்கவாட்டிலும் நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போய் மாமியிடம் சொன்னார். "அவாளுக்குப் புரிஞ்சுடுத்தும்மா. மாத்திடுவா."

"மூஞ்சியக் காட்டினியா?"

"காட்டினேன்."

மாமி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். "நன்னாப் பாத்தாளா?"

"நன்னாப் பாத்தாம்மா."

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினார். படம் வெளியாகும் நாளில் எல்லோரும் பார்ப்போம், முடிந்ததும் தியேட்டர் படிக்கட்டில் நிற்பேன், முகமூடி இல்லாமல். "நிஜமாவா ஷெயால்?" என்று ரஞ்சனா கேட்டாள். நிஜம்தான் என்று பதில் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததில்லை.

அதன்பிறகு ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வரவில்லை. முகமூடியும் திரும்பி வரவில்லை. இவர் கூப்பிட்டால் ஷெட்யூல் மாறிவிட்டது என்றார்கள். டிரெய்லர் வந்தபோது அதில் நாயகனின் முகம்தான் நிறைந்திருந்தது. "டிரெய்லர்ல அப்படித்தான் போடுவா" என்று மாமியிடம் சொல்லிக்கொண்டார்.

படத்துக்கு உதய் அண்ணா, மாமி, நான் மூன்று பேரும் போனோம். இரண்டு வரிசைக்கு முன்னால் அந்தக் குழு உட்கார்ந்திருந்தது. எல்லோர் சட்டையிலும் நரிப் படம் இருந்ததால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பத்தாவது நிமிடம்கூட ஆகவில்லை. கதாநாயகி முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள், உடனே பாட்டு. கடலோர ஊர் அட்டைப் பெட்டி மாதிரி இருந்தது. பிசாசுகள் ரப்பர். முன்வரிசையில் நண்பர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். உதய் அண்ணா அசையாமல் இருந்தார். மோசமான படம் என்பதோடு போயிருந்தால் அவரும் நண்பர்களோடு சேர்ந்து திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இடைவேளைக்கு முன்னால் வில்லன் வந்தான். மாங்காவில் அவன் சாதாரண முகமுள்ள உப்பு வியாபாரி. இங்கே அவன் முகத்தில் வெள்ளைத் திட்டுகள். உதட்டோரம், இடது கண்ணைச் சுற்றி, நெற்றியில் புருவத்துக்கு மேலே கோணலாக ஏறும் திட்டு. கேமரா அந்த முகத்துக்குக் கிட்டே போனபோது பயப்படும்படி இசை போட்டிருந்தார்கள். குழந்தை ஒன்று அழுதது. யாரோ விசிலடித்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள்.

மாமி என் கையைப் பிடித்தார். "நம்ம உதயோட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "எழுந்து போயிடலாம் வாடா" என்றார்.

"முடியட்டும்மா."

முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது நண்பர்கள் சொன்னபடி படிக்கட்டில் நின்றிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையன் வில்லன் மாதிரி முகத்தைக் கோணிக்காட்டினான். "சுண்ணாம்பு அடிச்சிட்டு பாதியிலயே கூலிக்காரன் ஓடிட்டான் போலிருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உதய் அண்ணா அவர்களைப் பார்த்து இரண்டு படி இறங்கினார். வாயைத் திறக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. ரஞ்சனா அவன் முழங்கையில் இடித்தாள்.

"ஸாரி தாதா" என்றான் அவன். "உங்கள இல்ல. படத்தச் சொன்னேன்."

உதய் அண்ணா தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓரமாகப் போய்ச் சுவரருகே நின்றுகொண்டார். அவருடைய போன் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் திரை தெரிந்தது. "ஷெயால், எங்கே இருக்கே? படிக்கட்டுல காத்துக்கிட்டிருக்கோம்." அனுப்பியவள் ஐந்தாறு படி தள்ளி நின்றிருந்தாள்.

அவர் எதையோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

ரஞ்சனா தன் போனைப் பார்த்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினாள். "காய்ச்சலாம். வரலையாம்."

"கொடுத்துவெச்சவன். தப்பிச்சான்" என்றான் கண்ணாடிப் பையன்.

"பாவம், இன்னிக்காவது பாக்கலாம்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

உதய் அண்ணா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாமிக்குக் கைகொடுத்து இறக்கினார். மாமிக்கு வங்காளம் நன்றாகத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் தாண்டிப் போவதற்காக அந்த நண்பர்கள் மரியாதையோடு ஒதுங்கினார்கள். அகலமான படிக்கட்டு அது. அவ்வளவு ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.