பூட்டிய கண்டெய்னருக்குள்ளிருந்து கூப்பிட்டேன்

இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. கொசு வருகிறது என்று அம்மா சொல்லும். வரட்டும் என்பேன். இதைச் சபையில் எழுந்து சொல்லும்படி போதகர் கேட்டார். நின்றேன், நாக்கு எழவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவரை நம்புகிற என் சகோதர சகோதரிகளே, பொறுமையாக வாசியுங்கள்.

நான் ஆரம்பாக்கத்துக்காரன். அப்பா இல்லை. அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு என்னை வளர்த்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். நாலு பக்கமும் அடைத்த இரும்புப் பெட்டி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சோப்பு, பிஸ்கட் என்று நனையக்கூடாத சரக்கை ஏற்றி நெல்லூர், வேலூர், ஓசூர் என்று கொண்டுபோய் இறக்குவேன்.

எங்கள் தொழிலில் வெளிச்சம் பார்ப்பது என்று ஒன்று உண்டு. சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் காலிப் பெட்டிக்குள் போய் நிற்பார். இன்னொருவர் வெளியே கதவைச் சாத்திக் கம்பியை இறுக்குவார். உள்ளே கும்மிருட்டு. கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை இருக்கிறது, மழைத்தண்ணீர் இறங்கும். அந்த வண்டிக்கு லோடு கிடையாது. பார்த்து முடித்ததும் உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்டுவார். வெளியே இருப்பவர் திறப்பார். உள்ளேயிருந்து திறக்க வழியே கிடையாது.

போன வருஷம் கத்திரி வெயில் நேரம். கம்பெனிக்கு வெளியே வண்டிகள் காத்திருக்கிற மைதானத்தில் இடமே இல்லை. கடைசி மூலை மட்டும் காலி. அங்கே யாரும் வண்டி போட மாட்டார்கள். எங்கிருந்தோ வந்த வடக்கத்தி டிரைவர் ஒருவர் காய்ச்சலோடு அந்த இடத்தில் கேபினுக்குள் படுத்துக் கிடந்து செத்துப்போனாராம். தூங்குகிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்களாம். அதிலிருந்து உச்சி வெயிலில் அந்த மூலையில் தண்ணீர் கேட்கிற குரல் வரும் என்பார்கள்.

பள்ளிப்பட்டுக்கார டிரைவர் முனிரத்தினம் அண்ணன் என்னைத் தடுத்தார். "அங்க போடாத நைனா."

எனக்கு ஆண்டவர் இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே வண்டியை அங்கேயே போட்டேன்.

"அவுரு இருப்பாரு. நீ தனியா இருக்க வேணாமேன்னு சொன்னேன்" என்றார். சொன்னாலும், வெளிச்சம் பார்க்கக் கதவு சாத்த அவர்தான் கூட வந்தார்.

நான் உள்ளே போனேன். அண்ணன் கதவைச் சாத்தினார், கம்பி இறங்கியது. அந்த நேரம் பார்த்து மைக்கில் முனிரத்தினம் அண்ணனின் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். உடனே போகாவிட்டால் முறை தவறிவிடும், மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வேப்பமரத்தடியில் இருந்த ஒரு டிரைவரிடம் என்னைத் திறந்துவிடும்படி கத்திவிட்டு அண்ணன் ஓடியிருக்கிறார். ஹாரன் சத்தத்தில் அது அந்த ஆள் காதில் விழவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நல்ல பெட்டி என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு தட்டு தட்டினேன். யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். பிறகு கையால் குத்தினேன், செருப்பால் அடித்தேன். அந்த மைதானத்தில் நாள் முழுக்க யாராவது கம்பியால் டயரைத் தட்டிக் காற்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதில் என் தட்டு யாருக்குத் தெரியும்? போன் கேபினில் சார்ஜில் கிடந்தது.

இரும்பு கொதித்தது. சட்டையைக் கழற்றினேன். வியர்வை ஊற்றியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஓட்டை இருக்கக்கூடாது என்று பார்க்கப் போனவன், ஒரே ஒரு ஓட்டைக்காக விரலால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான் என்று அழுதேன். ஜெபமா அது? சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பதில் இல்லை.

அப்போதுதான் பெட்டியின் அந்தக் கோடியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

என் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். அது நிற்கவில்லை. இழுத்து இழுத்து, காய்ச்சல்காரன் விடுகிற மூச்சு. என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். அன்றைக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அந்தச் சூட்டிலும் சில்லிட்டது.

அந்த டிரைவரை நினைத்தேன். அவரும் இப்படித்தானே கூப்பிட்டிருப்பார். அவர் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. செத்தவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்போது அந்த யோசனை இல்லை. ஆண்டவரே, இங்கே கூப்பிட்டு ஓய்ந்துபோன அந்த மனுஷனை உம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் என்றேன். அன்றைக்கு எனக்காக இல்லாமல் நான் செய்த ஜெபம் அது ஒன்றுதான். பயம் குறைந்தது. தவழ்ந்து கதவுக்குப் போய், ரப்பர் இடுக்கில் வாயை வைத்தேன். பெரிதாகக் கத்தத் தெம்பு இல்லை. "தண்ணி" என்று மட்டும் வந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே அது கேட்டிருக்கிறது. கேட்டுத்தான் பக்கத்து வண்டிக்காரர்கள் இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவர் கேட் அருகே கூழும் மோரும் விற்கிற சரோஜாக்காவிடம் வந்து, அது இன்றைக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். சரோஜாக்கா சொம்பில் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டது.

"யக்கா, அது ஆளு இல்ல. போவாத" என்று அவர் தடுத்திருக்கிறார்.

"பேயாவே இருக்கட்டும்டா. இத்தினி நாளா தண்ணி கேட்டுக்கினு கீதே, எவனாவது ஒருத்தன் குட்த்தீங்களா?"

கம்பி தூக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. முதலில் தெரிந்தது ஒரு கை. முழு நீளத்துக்கு நீட்டியிருந்தது. சொம்பு நடுங்கி மோர் சிந்திக்கொண்டிருந்தது. அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நான் குடித்துப் புரையேறி இருமிய பிறகுதான் திரும்பிப் பார்த்தது.

"அடப்பாவி, இது ஆரம்பாக்கத்துப் புள்ளடா" என்று கூவியது. அப்புறம்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். முனிரத்தினம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

சில நாள் கழித்து, ஆண்டவர்தான் உங்களை அனுப்பினார் என்று அக்காவிடம் சொன்னேன். நெற்றியில் பெரிய குங்குமம் வைக்கிற மனுஷி அது. "உங்க சாமி அனுப்புச்சோ எங்க ஆத்தா அனுப்புச்சோ, எனக்கு ரெண்டு காலும் வெடவெடன்னு நடுங்கிச்சு. அதான் தெரியும்" என்றது. நான் வாதம் பண்ணவில்லை. பயமே இல்லாத ஒருவரை ஆண்டவர் எனக்கு அனுப்பவில்லை. பயந்துகொண்டே வருகிற ஒருவரை அனுப்பினார். அதற்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

இப்போது எங்கள் மைதானத்தில் வெளிச்சம் பார்க்க உள்ளே போகிறவர், தன் சட்டையை வெளிக்கம்பியில் கட்டிவிட்டுத்தான் போவார். சட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நான் பழையபடி வண்டி ஓட்டுகிறேன். அந்த மூச்சு சில நாள் எனக்குப் பின்னால், காலிப் பெட்டிக்குள் கேட்கும். அப்போது ரேடியோவை நிறுத்திவிட்டு அந்தப் பெயர் தெரியாத மனுஷனுக்காக ஜெபிப்பேன். முன்பெல்லாம் எனக்காக மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது வெளியே வர வழி தெரியாமல் இருக்கலாம். குரல் போய்விட்டதே என்று கூப்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள். ஒரு சொல் போதும், ஆண்டவர் கேட்கிறார். யாருடைய காலை நடக்க வைப்பார் என்று நமக்குத் தெரியாது. ஒருநாள் அது உங்கள் காலாகவும் இருக்கலாம். தட்டுகிற சத்தம் கேட்டால், நடுங்கிக்கொண்டாவது போய்த் திறந்துவிடுங்கள்.