பதினாறு பெட்டியும் ஒற்றைப் படுக்கையறையும்

கொட்டாரத்து வயல்களைப் பார்த்து வளர்ந்த பிரீனா, கல்யாணம் முடிந்து மேற்கே வந்த பிறகுதான் ரப்பர் மரத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் கையில் எடுத்த எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அப்பா தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தபோது, அதை முழுக்கக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டிய பிறகுதான் தைக்க உட்கார்ந்தாள்.

அருமனைக்கு அந்தப் பக்கம் குழிவிளையில் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு ரப்பர் விளைக்கு நடுவில் இருந்தது; தோட்டத்தை அங்கே விளை என்பார்கள். மரங்களின் நிழலில் யாரோ வைத்திருந்த தேனீப் பெட்டிகளைத் தினமும் போய்ப் பார்த்தாள். பிறகு மார்த்தாண்டத்தில் நடந்த பயிற்சிக்குப் போனாள். இரண்டு பெட்டி வாங்கி ஆரம்பித்தது, சில வருஷங்களில் பதினாறு ஆயிற்று. மூடியை மெல்லத் திறப்பாள். தேனடையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ராணி முட்டையிட்டிருக்கிறதா, எறும்பு ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திரும்ப வைப்பாள். அவளிடம் ஒருமுறை தேன் வாங்கியவர்கள் வேறு இடத்தில் வாங்குவதில்லை.

அந்த வீடு ராஜையனுடையது. மூன்று அறை, பெரிய முற்றம், வற்றாத கிணறு. வாடகைக்குத்தான் இருந்தார்கள். ஒரு குறை உண்டு. பஸ் போகிற ரோட்டுக்கு வர சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரையில் மண்பாதை வழியாக வரவேண்டும். அவள் கணவன் ஜெஃப்ரின் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். போன மழையில் அந்தப் பாதையில் பைக் சறுக்கி மணிக்கட்டு உடைந்தது. தன் கையைத் தானே மெஷினுக்கு அடியில் வைக்க வேண்டி வந்ததைச் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்ததும் ராஜையன் வந்தார்.

"மக்கா, தப்பா நெனைக்கப்பிடாது. மஸ்கட்டுல இருந்து பய குடும்பத்தோட வாறான். இனிமே போவலியாம். வீடு வேணும்."

மறுநாளே ஜெஃப்ரின் மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான். அவளையும் கூட்டிப்போய்க் காட்டினான். இரண்டு படுக்கையறை, பளபளக்கும் தரை, வாசலில் கார் நிறுத்த இடம். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பிரீனா பின்கதவைத் திறந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்.

"பெட்டிய எங்க வைக்க?"

"மாடியில வை."

"அந்த வெயில்ல மெழுகு உருகிரும். நான் அடைய கரண்டியில கோரி எடுக்கவா?"

"ஏட்டி, ஈ இருக்க வீடு பாக்குதியா, மனுசன் இருக்க வீடு பாக்குதியா?"

"ரெண்டும்தான்."

அடுத்த ஞாயிறு அவள் ஒரு வீட்டைக் காட்டினாள். களியலுக்கும் மேலே, மலையடிவாரத்தில் நாலு அறை வீடு. சுற்றிலும் ரப்பர். ஜெஃப்ரின் முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தான்.

"நல்ல வீடு. காலத்த டியூட்டிக்கு நான் முந்துன நாளே கெளம்பிரலாம்."

அவன் அம்மா தங்கபாய்க்கு முட்டுவலி. வந்த வாடகைக் காரை விட்டு இறங்காமலே சொன்னாள், "இஞ்ச கோயிலு எங்க கெடக்குன்னு கேளு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இப்படி ஜனவரி பாதி போயிற்று. இருவரும் ஒருவர் பார்த்த வீட்டை மற்றவர் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கிடைத்தது, இருவருமே முதலில் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு வீடு. குழிவிளையிலேயே, சானல் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, அவ்வளவுதான். ஆனால் பின்னால் எட்டு சென்ட் காலியிடமும் பலாமரமும் இருந்தன. அதைத் தாண்டினால் ரப்பர் விளை. தங்கபாய் கேட்ட வேதக்கோயிலும் கண்ணுக்கெட்டிய தூரத்தில்.

படுக்கையறை அம்மாவுக்கு என்று முடிவாயிற்று. அவர்கள் ஹாலில் படுத்துக்கொள்வது. ஜெஃப்ரின் நகரத்தை விட்டான், இரண்டாவது அறையை விட்டான். பிரீனா தனியாகத் தேன் எடுக்க வைத்திருந்த அறையை விட்டாள், கிணற்றடியை விட்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க," என்றான் அவன். "இந்த ரப்பர் தேன் சீசன் முடிய வரைக்கும் பாப்போம். பெட்டி இஞ்ச ஒழுங்கா இருந்தா நாமளும் இருப்போம். இல்லேன்னா மார்த்தாண்டம்தான். அப்ப பின்ன பேச்சு கெடையாது."

"சம்மதம்," என்றாள் பிரீனா.

மாதக் கடைசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துச் செம்பு நிறத்தில் தளிர் விடத் தொடங்கின. அந்தத் தளிரின் காம்பில்தான் தேன் ஊறும். வருஷத்துத் தேன் முழுவதும் அந்தச் சில வாரங்களில் கிடைப்பதுதான். அதற்குள் பெட்டிகளை நிறுத்திவிட வேண்டும்.

வருஷா வருஷம் சீசனுக்குப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றித் தொலைதூர எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோய் வைத்துப் பழகியவள் அவள். பாலத்தைத் தாண்டினால் வருகிற வீட்டுக்கு டெம்போ எதற்கு? அந்தியில் ஈக்கள் எல்லாம் அடைந்த பிறகு, பெட்டிகளின் வாசலைத் துணியால் அடைத்து, அவள் தலையிலும் அவன் கையிலுமாகப் பதினாறையும் நடந்தே கொண்டுவந்து சேர்த்தார்கள். பலாமரத்தடியில் தாங்குகால் நட்டு, எறும்பு ஏறாமல் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, ஒவ்வொரு வாசலையும் கிழக்கே பார்க்கத் திருப்பினாள். ஒரு பெட்டிகூடச் சாயவில்லை.

"எவ்வளவு லேசா முடிஞ்சு, பாத்தியளா?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பெட்டி வாசல்களில் அடைத்த துணியை எடுத்துவிட்டாள். காலையில் வேதக்கோயில் போதகரான ஐயர் ஜெபம் செய்ய வந்தார். ஜெபம் பண்ணாமல் புது வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று தங்கபாய் பிடிவாதமாக இருந்தாள். எல்லோரும் கண் மூடி நிற்கையில் பிரீனாவின் போன் அடித்தது. நிறுத்தினாள். மறுபடி அடித்தது. ஆமென் சொன்னதும் எடுத்தாள்.

"மக்கா, நீ பெட்டிய கொண்டுபோனியா, இல்ல ஈய விட்டுட்டுப் போனியா?" ராஜையனின் குரல். "பெயிண்ட் அடிக்க வந்த ஆளு ஏணியப் போட்டுட்டு ஓடிட்டான். செவரு முழுக்க ஈயாக்கும்."

பிரீனா பின்பக்கம் ஓடினாள். பெட்டிகளில் இருந்து ஈக்கள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. திரும்பி வருவது ஒன்றும் இல்லை. பாலத்தைத் தாண்டி ஓடினாள். பழைய வீட்டின் பின்சுவரில், பெட்டிகள் வரிசையாக நின்ற அதே இடத்தில், ஈக்கள் கொத்துக் கொத்தாக அப்பிக் கிடந்தன. தளிரில் தேன் குடித்து வயிறு நிறைந்து வந்தவை, இறங்க வாசல் இல்லாமல் சுற்றின.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. தொலைதூரம் கொண்டுபோனால் ஈக்கு எல்லாமே புது இடம். வெளியே வந்ததும் வீட்டைத் திரும்பிப் பார்த்து வட்டமிட்டு, அடையாளம் வைத்துக்கொண்டுதான் போகும். இங்கே அதே சானல், அதே பாலம், அதே மரங்கள். தெரிந்த ஊர் என்று நேரே போய், பழகிய வழியில் பழைய வீட்டுக்கே வந்துவிட்டன. கிட்டே கொண்டுபோவதுதான் லேசு என்று நினைத்தது தப்பு.

மாலையில் டியூட்டி முடிந்து வந்த ஜெஃப்ரினுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மார்த்தாண்டத்து வீடு இன்னும் காலியாத்தான் கெடக்காம்," என்றான்.

"சீசன் முடியல்லியே."

"ஈயே அங்க போயிட்டு. இனி சீசன் என்ன?"

"அதக் கூட்டிட்டு வரத் தெரியும்."

தங்கபாய் அறைக்குள்ளிருந்து சொன்னாள், "கொட்டாரத்துல உனக்க வீட்டு தென்னந்தோப்புக்கு அனுப்பு மக்கா. மூணு நாலு வாரம் கழிஞ்சா பழைய எடம் மறந்துரும்."

"மறக்கும் மாமி. ஆனா அங்க ரப்பரு இல்ல. இந்த வருசத் தேனும் போயிரும். தேன் இல்லாம பெட்டிய மட்டும் காப்பாத்தி, நான் அதுகளுக்கு சீனிப்பாகு காய்ச்சிக் குடுத்துட்டு இருக்கவா?"

ஜெஃப்ரின் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவள் ஒரு காலிப் பெட்டியில் தேனீக் குஞ்சு இருக்கும் அடை ஒன்றை வைத்துத் தூக்கிக்கொண்டு பழைய வீட்டுக்குக் கிளம்பினாள். குஞ்சு மணம் கிடைத்தால் சுவரில் கிடப்பவை பெட்டிக்குள் இறங்கும். புகையை மெல்ல ஊதிக்கொண்டு நின்றாள். ஈக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கொத்து இறங்கும் வரை அவள் அசையவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாலத்தருகே ஜெஃப்ரின் டார்ச்சோடு நின்றான்.

"பேச்சிப்பாறைக்கு மேல எங்க அனில்குமாருக்க மாமனாருக்கு ரப்பர் விளை உண்டு," என்றான். அனில்குமார் ஆஸ்பத்திரியில் அவனோடு வேலை பார்ப்பவன். "கேட்டேன். வைக்கலாம்னு சொன்னாரு. டெம்போ நாளைக்கு அந்திக்கு வரும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"என்ன பாக்குத? சீசன் முடியல்லேன்னு நீதானே சொன்ன. பெறவு, நேரம் தரலன்னு எங்கிட்ட சண்டைக்கு வரப்பிடாதுல்லா."

மறுநாள் பதினாறு பெட்டியும் சுவரில் கிடந்த ஈக்களைக் கூட்டிவந்த பெட்டியும் மலைக்குப் போயின. இருவரும் டெம்போவின் பின்னால் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அங்கே ஈ குறைந்துபோன பெட்டிகளில், நடுவே ஓட்டை குத்திய செய்தித்தாளை வைத்துக் கூட்டிவந்த ஈக்களைச் சேர்த்தாள். தாளைக் கடித்துக் கிழித்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மணம் வந்துவிடும்; சண்டை வராது.

"நமக்கும் நடுவுல ஒரு பேப்பர் வச்சிருக்கலாம்," என்றான் ஜெஃப்ரின்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுக்க, வாரத்தில் இரண்டு நாள் அதிகாலைப் பஸ்ஸில் அவள் பேச்சிப்பாறைக்குப் போனாள். மதியம் திரும்பி ஹாலில் பாய் சுருட்டி வைத்த மூலையில் தேனை வடிகட்டினாள். அடுக்களை முழுக்கப் பாத்திரங்கள். தங்கபாய், "காப்பி குடிக்க ஒரு கிளாசு மிஞ்சுமா?" என்று கேட்டபடியே துணி பிடித்துக்கொடுத்தாள். இரண்டு பெட்டி தேறவில்லை. மெழுகுப் புழு விழுந்து போயிற்று. அதை மறைக்காமல் ஜெஃப்ரினிடம் சொன்னாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் மீதிப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து பலாமரத்தடியில் வைத்தார்கள். விடியும்போது பெட்டி வாசல் துணியை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவன் டியூட்டிக்குப் போக உடுத்திக்கொண்டு பின்வாசலில் நின்றான். முதல் பஸ் ரோட்டில் போயிற்று. அவன் அசையவில்லை.

ஈக்கள் வெளியே வந்தன. நேரே போகவில்லை. வாசலுக்கு முகத்தைத் திருப்பி, முன்னும் பின்னுமாக ஆடி, சின்ன வட்டம் அடித்தன, பிறகு பெரிய வட்டம். பலாமரத்தைச் சுற்றின, ஓட்டுக்கு மேலே உயர்ந்தன. பிறகு விளைக்குள் மறைந்தன. பிரீனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராஜையனிடமிருந்து போன் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்று திரும்பி வந்து வாசற்பலகையில் இறங்கியது. காலில் மஞ்சள் பொடி. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"மார்த்தாண்டத்து வீட்டுக்காரருட்ட என்ன சொல்லப் போறிய?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல? ஆஸ்பத்திரியில நாலு பேரு தேன் கேட்டிருக்காவ. குப்பிய எடு. ரெண்டாவது பஸ்ஸையும் விட்டா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவான்."

அவள் குப்பிகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவன் ரோட்டுக்கு நடந்தான். பிரீனா பலாமரத்தடிக்குத் திரும்பி, அழிந்துபோன இரண்டு பெட்டிகளின் காலித் தாங்குகால்களைத் தொட்டுப் பார்த்தாள். ஆடாமல் உறுதியாக நின்றன. எந்தப் பெட்டியின் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இங்கே வைக்கலாம் என்று வரிசையின் முதலிலிருந்து மூடிகளைத் திறக்க ஆரம்பித்தாள்.