தினமும் துண்டு துவைத்த சாருல்

சாருலுக்குப் பைத்தியம் என்றுதான் எங்கள் அடுக்குமாடியில் பேச்சு. நான் அப்படிச் சொல்லவில்லை.

மங்கோலியாவிலிருந்து சுவீடனில் எங்கள் ஊரான உப்சாலாவுக்குப் படிக்க வந்த பெண். கொரோனா வந்ததும் வகுப்பையெல்லாம் கணினிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். கூடப் படித்த சுவீடன் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனார்கள். இவள் ஊருக்கு விமானமே இல்லை. ஒற்றை அறையில் தனியே கிடந்தாள்.

துணி துவைக்கும் அறை எங்களுக்குப் பொது, நிலவறையில். சுவரில் ஒரு பலகை, அதில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. வேண்டிய நேரத்தில் அதை மாட்டிவிட்டால் அந்த நேரம் நமக்கு. எழுத்தறியாத எனக்கே அது சுலபம். அந்த முறையைக் கெடுத்தவரை இங்கே யாரும் மன்னிப்பதில்லை. சாருல் தினமும் மாட்டினாள். ஒருத்திக்கு அத்தனை அழுக்கா?

குடியிருப்போர் சங்கத்து யெர்டா என்னிடம் வந்து கொதித்தாள். "அவ பூட்டப் பிடுங்கப் போறோம், ஷமிரான். என் திரைச்சீலை அழுக்காவே தொங்குது."

கீழே போய்ப் பார்த்தேன். இயந்திரம் சுற்றுகிறது, உள்ளே ஒரே ஒரு துண்டு. எதிரே சாருல்.

"ஏண்டி, சுத்தமான துண்டையா துவைக்கிற?"

"அறையில ஒரு சத்தமும் இல்ல பாட்டி. இங்கன்னா யாராவது கதவத் திறப்பாங்க. 'இன்னும் எவ்வளவு நேரம்'னு திட்டவாவது செய்வாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கணினியில ஒருத்தங்க மூச்ச இழுத்து விடச் சொன்னாங்க. மறுபடி எப்ப கூப்பிடுவாங்களோ தெரியாது. அதுக்குள்ள இந்தப் பூட்டும் போயிட்டா..." முடிக்காமல் துண்டையே பார்த்தாள்.

மூச்சுவிடத் தெரியாமலா இவ்வளவு தூரம் வந்து படிக்கிறாள்?

யெர்டாவின் கதவைத் தட்டினேன். "பூட்ட எடுத்துக்க. அவ என் நேரத்துல வருவா."

"ஒரு நேரத்துக்கு ஒரு வீட்டு ஆளுங்கதான். நோய்க்கால விதி."

"அப்ப அவ என் வீட்டு ஆளு. இன்னையிலேர்ந்து சோறும் என் வீட்டுல. போய்ச் சங்கத்துல சொல்லு."

"பிடிவாதக்காரி!"

"தெரியுதுல்ல?"

சங்கத்தார் சாருலின் பூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் நேரம் வந்தது. சாருல் அதே துண்டோடு வந்து நின்றாள்.

"நிஜ அழுக்க எடுத்துட்டு வாடி."

தலைகுனிந்து மேலே போனாள். திரும்பியபோது முகம் தெரியாத அளவு துணிமூட்டை. போர்வை, சட்டை, எல்லாம் மாதக்கணக்கில் தண்ணீர் காணாதவை. இதையெல்லாம் மூலையில் குவித்துவிட்டா ஒற்றைத் துண்டைத் துவைத்துக்கொண்டிருந்தாள்! ஒருவரும் கேட்கவில்லையே, நான் உட்பட. இருந்த இயந்திரம் எல்லாவற்றையும் நிரப்பினோம்.

கதவு திறந்தது. யெர்டா. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"நிறைய நேரமாகும்," என்றாள் சாருல். "உள்ள வராதீங்க, விதி இருக்கு."

அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தக் கணினி டாக்டர் மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.