நான்காவது கிண்ணம்

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதற்கு மெருகு போடத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்று படகில் இருந்த மூன்று பேரும் உயிரோடுதான் இருக்கிறோம். சந்தேகம் இருந்தால் மற்ற இரண்டு பேரையும் கேட்டுக்கொள்ளலாம்.

போன ஈஸ்டர் விடுமுறை. பெக்வியா தீவில் படகுப் போட்டி பார்த்துவிட்டு, வழியில் தீவு தீவாகத் தங்கி, எங்கள் காரியாக்கூ தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாய்மரப் படகு ஹாலிஸுடையது. எஞ்சின் கிடையாது. சமையல் லெனாக்ஸ். மூன்றாவது ஆள் நான், மார்வா. முன்பெல்லாம் நான்கு பேராகப் போவோம். ஹாலிஸின் தம்பி எஸ்டன், இரண்டு வருடத்துக்கு முன் மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் செத்தவருக்குக் கல் வைத்து விருந்து போட்டால்தான் அவர் அடங்குவார். ஹாலிஸ் விடவில்லை. "உடம்பக் கண்ணால பாக்காம என் தம்பிக்குக் கல்லு வைக்க மாட்டேன்" என்று பெற்ற தாயிடமே மல்லுக்கு நின்றான். பாவம், அந்த அம்மா அழுது அழுது ஓய்ந்துபோனாள்.

யூனியன் தீவைத் தாண்டியதும் காற்று செத்தது. மணி ஆறு பத்து. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாய் கொடியில் காயும் துணி மாதிரி தொங்கியது. கடலில் ஒரு மடிப்புகூட இல்லை.

உள்ளே லெனாக்ஸ் துவரையும் மீனும் போட்டுச் சோறு கிளறிக்கொண்டிருந்தான்.

"மார்வா, உன் பை நாத்தம் தாங்கல. பொணத்தையா கட்டி எடுத்துட்டு வர்ற?"

"எங்கம்மாவுக்கு வாங்கின கருவாடு. வாய மூடிட்டு வேலையப் பாரு."

சோறு வந்தது. ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேடா. உப்பு எங்க?"

"டப்பாக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. ஒரு வேளைக்குத் தின்னேன், மகாராணி."

அப்போதுதான் கவனித்தேன். பலகையில் இன்னொரு கிண்ணம். நிறையச் சோறு... ஆவி பறந்தது.

"நாலாவது யாருக்கு?"

"பழக்கதோஷம். கை தானா போட்டிருக்கும்" என்றான் ஹாலிஸ். லெனாக்ஸ் வாய் ஓயாதவன். இப்போது கிண்ணங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

செத்தவர்களுக்கு நாங்கள் உப்பில்லாமல் சமைத்துத் தனியாக ஒரு பங்கு வைப்போம். வீட்டுக்குள் மட்டும். கடலில் ஒருவரும் வைக்க மாட்டார்கள். அங்கே வைத்தால் சாப்பிட யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது.

"ஹாலிஸ், அதக் கடல்ல கொட்டு."

"இருக்கட்டும். என் தம்பிக்குன்னு இருக்கட்டும்."

கிண்ணத்தை எடுத்துப்போய்ப் பின்முனையில் வைத்தான்.

இருட்டியது.

டொக்.

படகின் அடியில். மரக்கட்டை இடித்திருக்கும் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

பின்னால் கயிற்றில் ஒரு சின்னத் தோணியை இழுத்து வந்திருந்தோம். இவ்வளவு நேரம் தொய்ந்து கிடந்த கயிறு விறைத்தது. காற்றில்லை. அலையில்லை. லெனாக்ஸ் டார்ச் அடித்தான்.

தோணியில் யாருமில்லை.

ஆனால் அதன் ஒரு முனை தண்ணீரில் அமுங்கியிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு.

பின்முனையில் இருந்த கிண்ணம் காலி.

"குளிருதுங்கறான்..." என்று ஹாலிஸ் எழுந்தான்.

"யாரு?"

"எஸ்டன். என்னை அங்க வரச் சொல்றான்."

கயிற்றைப் பிடித்துத் தோணியை அருகில் இழுத்தான். ஒரு காலை வெளியே போட்டுவிட்டான். அவன் இடுப்பை நான் பிடித்தேன். சட்டையை லெனாக்ஸ் பிடித்தான். ஹாலிஸ் ஒல்லிப்பிச்சான்தான். அசைக்க முடியவில்லை.

"அவன் போயிடுவான்! மார்வா, ஏதாவது பண்ணு!"

உப்பு தின்றவனைச் செத்தவர் கூட்டிப்போக முடியாது என்பார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவள் நான்.

பைக்கு ஓடினேன்.

கருவாட்டைப் பிய்த்து அவன் வாயில் திணித்தேன்.

"மெல்லுடா!"

மெல்லவில்லை.

சளக்... தோணி இன்னும் அமுங்கியது.

"மெல்லுடா நாயே!"

தாடை அசைந்தது. ஒரு தரம்... இன்னொரு தரம்...

விழுங்கினான்.

கயிறு தளர்ந்தது. தோணி நிமிர்ந்தது.

ஹாலிஸ் படகுக்குள் சரிந்து விழுந்து குழந்தை மாதிரி அழுதான். "கல்லு வெச்சுடறேன்டா... வெச்சுடறேன், போ..."

அதன் பிறகுதான் காற்று வந்தது.

கரையில் ஹாலிஸின் அம்மா விளக்கோடு காத்திருந்தாள். சாமான்களை இறக்கும்போது லெனாக்ஸ் என் காதோரம் வந்தான்.

"மார்வா, நான் மூணுதான் போட்டேன். நம்ம படகுல இருக்கறதே மூணு கிண்ணம்தான்."

அதற்குள் அந்த அம்மா நான்காவதைக் கையில் எடுத்திருந்தாள். நீல நிறக் கிண்ணம். விளிம்பில் பூச்சு உதிர்ந்திருந்தது. திருப்பினாள். அடியில் ஆணியால் கீறிய ஒரு மீன்.

"இது எஸ்டனோடது. அவன் கடலுக்குப் போன அன்னிக்கு இதுலதான் சோறு கட்டிக் குடுத்தேன்."

கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"முழுசாச் சாப்பிட்டானா?"

ஹாலிஸ் ஆமாம் என்று தலையாட்டினான்.