ரேடியோவை மூடி வைக்கச் சொன்ன பத்மநாபன்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. நம் தமிழ்ச் சங்கத்துக் காரியதரிசி பின்னாலிருந்து, "பத்மநாபன் ஸார் போயிட்டார், தெரியுமோ? கார்த்தால பேப்பர் படிச்சுண்டே இருந்தாராம், அப்படியே சாஞ்சுட்டார்" என்றார். நான் கடைக்காரரிடம், "சிக்கரி வேண்டாம்" என்றேன். காரியதரிசிக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனாலும், "கூட வேலை பார்த்தவா நீங்கதான். சங்கத்து மலருக்கு அவரைப்பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கோ" என்றார். நல்லதாக ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஆற்று வெள்ளத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் வயர்லெஸ் பிரிவு எங்களுடையது. அவர் தலைமைப் பொறியாளர், நான் உதவிப் பொறியாளர். மேலாற்று நிலையம் நீர்மட்டத்தை நடு நிலையத்துக்குச் சொல்லும். நடு நிலையம் கீழ் நிலையத்துக்கு. கீழ் நிலையம் கல்கத்தாவில் எங்களுக்கு. ஒவ்வொருவரும் முழுச் செய்தியையும் திருப்பிச் சொல்லி, சரி என்று கேட்ட பிறகே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் எண்கள் வரிசையில் நிற்கும், தண்ணீர் நிற்காது.

நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு நிலையம் பேசுவது அடுத்தடுத்த நிலையங்களுக்கும் அரைகுறையாகக் கேட்கத்தான் செய்கிறது. எல்லாரும் காதில் விழுந்ததை எழுதிக்கொள்ளட்டும். விட்டுப்போன எண்ணை மட்டும் பக்கத்து நிலையத்தைக் கேட்டு வாங்கட்டும். ஒரு மத்தியானம் சோதித்தோம். அதே நேரத்தில் இரண்டு பங்கு செய்தி வந்து சேர்ந்தது.

பத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டுக் கேக்கறது நல்ல குடும்பத்துப் பழக்கம் இல்லேம்மா" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாளே உத்தரவு வந்தது: முறை வராத நிலையம் தன் ரேடியோவை மூடி வைக்க வேண்டும். வானத்தில் போகிற அலைக்கும் கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு என்று நம்பிய பொறியாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வங்காளிகள் தொட்ட கோப்பையில் குடிக்கக்கூடாதென்று சொந்த டம்ளரைப் பையில் கொண்டுவருகிறவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. நடு நிலையத்து ஏரியல் கம்பம் சாய்ந்து அது ஊமையானது. கீழ் நிலையத்தில் நிமாய் என்ற தற்காலிக ஆபரேட்டர் இருந்தார். அவர் உத்தரவை மீறி ரேடியோவைத் திறந்தே வைத்திருந்தார். மேலாற்றுக்காரர் நடு நிலையத்தைக் கூப்பிட்டுக் கத்துவது இரைச்சலுக்குள் அவருக்குக் கேட்டது. எண்களை எழுதி எங்களுக்கு அனுப்பினார். நாங்கள் எச்சரித்ததும் கரையோர ஜனங்கள் ஆடு மாடுகளோடு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் வந்தது.

பத்மநாபன் நிமாயைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "செய்தி யார் பேருக்கு வந்தது?" நடு நிலையத்துக்கு என்றார் நிமாய். கீழ்ப்படியாமைக்காக வேலை போயிற்று. நீக்கல் உத்தரவை டைப்புக்குக்கூட அனுப்பாமல், அந்த முத்து முத்தான எழுத்தில் தாமே எழுதினார். நான் அவரிடம் போய்க் கத்தினேன். "விதின்னா விதிதாம்மா. ஜனங்க பிழைச்சது வேற விஷயம்" என்றார்.

அடுத்த மழைக்கு முன் அதே 'ஒட்டுக் கேட்கும்' முறை எல்லா நிலையங்களுக்கும் வந்தது, அவர் பெயரில். பதவி உயர்வும் வந்தது. நம் சங்கத்தில் அதைப்பற்றி அவர் பேசியபோது நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் அவன் செயல்" என்றார். நிமாயைச் சொல்கிறார் என்று நினைத்து ஒரு கணம் ஏமாந்தேன். அவர் கையை மேலே காட்டினார்.

நிமாய் இப்போது பவானிபூரில் ரேடியோ பழுது பார்க்கிறார். இறந்த செய்தியை அவரிடம் சொல்ல நேற்றுப் போனேன். சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டாரா, தீதி?" என்று வங்காளியில் என்னை அக்கா என்றழைத்துக் கேட்டார். இல்லை என்றேன். "அப்பாடா" என்றார்.

நிமாய் மன்னித்துவிட்டார், அது அவர் மனசு. எனக்கு அந்த மனசு இல்லை, வேண்டவும் வேண்டாம். பத்மநாபனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த வெறுப்பு ஒன்றுதான். நானும் இதைக் கைவிட்டால், நிமாய்க்கு நடந்தது அநியாயம் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.